குழந்தைங்களோட சென்னை டு திருச்சி: எங்க வண்டிய நிறுத்தலாம், எங்க நிறுத்தவே வேணாம்

தாம்பரத்துல ஏறி திருச்சில இறங்குற வரைக்கும் 300 கிலோமீட்டர் சொச்சம். மேப்ல போட்டா அஞ்சு, அஞ்சரை மணி நேரம்னு காட்டும். அது வண்டிக்குள்ள ஆறு வயசு ஒண்ணும் மூணு வயசு ஒண்ணும் இல்லாதவங்களுக்கு. எங்க வீட்டுக்காரருக்கு சொந்த ஊர் லால்குடி பக்கம், அதனால பொங்கல், கோடை லீவு, ஊர்த் திருவிழா, யாராவது வீட்டு காதுகுத்துன்னு இந்த ரோடு எங்களுக்கு அடிக்கடி. விடிகாலை நாலு மணிக்கு கிளம்பிடணும், பசங்க முழிக்கறதுக்குள்ள விழுப்புரம் தாண்டிடணும்ங்கிறது அவரோட கொள்கை. எனக்கு அதுல உடன்பாடே கிடையாது. லீவுக்கு எங்கயும் கூட்டிட்டுப் போகலன்னு தனியா ஒரு ஊட்டி, ஒரு கொடைக்கானல், அதுக்கு ரூம், அதுக்கு சீசன் ரேட்டுன்னு கொட்டிக் குடுக்கறதுக்கு பதிலா ஊருக்குப் போற வழியவே டூரா மாத்திக்கலாமேங்கிறது என் கட்சி. இந்த ஜிஎஸ்டி ரோட்டுக்கு, அதான் சென்னை-திருச்சி ஹைவேக்கு, ரெண்டு பக்கமும் அவ்வளவு இருக்குங்க, நாமதான் கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு 100ல பறக்கறோம்.

ஸ்டாப் தேர்ந்தெடுக்க நான் பாக்கறது ரெண்டே விஷயம். ஒண்ணு, இறங்குனதும் பசங்க ஓட முடியணும். ரெண்டு, "தொடாத, கத்தாத, கைய எடு"ன்னு நான் நிமிஷத்துக்கு ஒரு தரம் சொல்ல வேண்டிய இடமா இருக்கக் கூடாது. இந்த ரெண்டுல பாஸானா போதும், அது ஃபேமஸான இடமா, இன்ஸ்டாவுல யாராவது போட்டிருக்காங்களான்னு எல்லாம் கவலையே இல்ல. மூணு வயசுக்காரனுக்கு உலகப் புகழ் பெற்ற கோட்டையும் ஒண்ணுதான், பெட்ரோல் பங்க் வாசல்ல கொட்டி வெச்சிருக்கற ஜல்லிக் குவியலும் ஒண்ணுதான். சொல்லப்போனா ஜல்லிதான் ஒரு படி மேல.

முதல்ல வண்டலூர். அதை வழியில பாக்கற ஸ்டாப்பா வெச்சுக்காதீங்க, அது தனியா ஒரு நாள் சமாச்சாரம். 1855ல சென்னைக்குள்ள ஆரம்பிச்ச பழைய மிருகக்காட்சி சாலைய இங்க மாத்தி 1985ல திறந்தாங்க, 602 ஹெக்டேர், உள்ள நடந்தாலே பசங்க காலு போயிடும். "ஒரு மணி நேரத்துல யானையையும் சிங்கத்தையும் பாத்துட்டு கிளம்பிடலாம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பக்கத்துல இருக்கவங்க ஒரு சனிக்கிழமை காலைல சாப்பாடு கட்டிட்டு தனியா போங்க, ஊருக்குப் போற அன்னைக்கு வேணாம்.

எங்க வீட்டு முதல் ஸ்டாப் வேடந்தாங்கல். படாளம் கூட்ரோட்டுல வலது பக்கம் திரும்பி பத்து பன்னெண்டு கிலோமீட்டர். ஆனா கிளம்பற மாசம் நவம்பர்ல இருந்து மார்ச்சுக்குள்ள இருந்தா மட்டும்தான் திரும்பணும், அதுலயும் வடகிழக்கு மழை நல்லா பேஞ்சு ஏரி நிறைஞ்சிருக்கணும். மழை ஏமாத்துன வருஷம் போனீங்கன்னா காஞ்ச ஏரியும் நாலு கொக்கும்தான். நல்ல வருஷத்துல டிசம்பர், ஜனவரில போய்ப் பாருங்க, தண்ணிக்குள்ள நிக்கற மரம் பூரா வெள்ளையும் கருப்புமா, ஒரு கிளை கூட சும்மா இல்லாம பறவை. கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா. இந்தப் பேரெல்லாம் எனக்கும் முன்னாடி தெரியாது, உள்ள போர்டு வெச்சிருக்காங்க, பெரியவ எழுத்துக்கூட்டி படிச்சு படிச்சு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. கரண்டிவாயன்ங்கிற பேரைக் கேட்டதும் சின்னவனுக்கு சிரிப்பு தாங்கல, அன்னைக்கு முழுக்க யாரு எது கேட்டாலும் அவன் பதில் கரண்டிவாயன்தான்.

ஏரிக்கரை மேலயே நடைபாதை இருக்கு, ஒரு பக்கம் தண்ணி, மறுபக்கம் வயல், நிழலுக்கு மரம். பைனாகுலர் வாடகைக்குக் கிடைக்கும், ஒண்ணு எடுத்துக்கோங்க, ரெண்டு பசங்க இருந்தா ரெண்டு எடுத்துக்கோங்க, காசு மிச்சம் பண்றேன்னு ஒண்ணு எடுத்தா நடக்கற சண்டையில இருக்கற பறவையெல்லாம் பறந்துடும். அந்த கண்ணாடி வழியா பெரியவ ஒரு கூட்டையே பாத்துட்டு நின்னா. தாய் நாரை வந்து உக்காந்ததும் குஞ்சுங்க மூணும் கழுத்தை நீட்டி கத்துது, அது உடனே குடுக்கல, கூட்டுல ஒரு குச்சிய எடுத்து வேற பக்கம் சொருகுச்சு, றெக்கைய ஒதறுச்சு, அப்புறம் குனிஞ்சு கூட்டுக்குள்ளயே கக்குச்சு, மூணும் ஒண்ண ஒண்ணு மிதிச்சிட்டு பாய்ஞ்சுது. "அம்மா, அது வாந்தி எடுத்துச்சு, இதுங்க அதை சாப்புடுது"ன்னு பக்கத்துல நின்ன அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி கமெண்டரி. டிவில எவ்வளவு காட்டுனாலும் இப்படி பதியாது.

இந்த ஊர்க்காரங்க கதையவும் பசங்களுக்கு சொல்லுங்க. பறவைங்க எச்சம் விழுந்த ஏரித் தண்ணிதான் வயலுக்குப் பாயுது, அதுவே உரம், அதனால தலைமுறை தலைமுறையா பறவைய யாரும் தொட விடறதில்ல, தீபாவளிக்குக் கூட வெடி வெடிக்காத ஊரு. வெள்ளைக்கார சிப்பாய்ங்க வந்து சுட்டப்போ ஊர்க்காரங்க நேரா செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ் கிட்ட போய் முறையிட்டு, சுடக்கூடாதுன்னு 1798ல எழுதியே வாங்கிட்டாங்களாம். 2022ல ராம்சார்ங்கிற, உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்லயும் சேத்துட்டாங்க. வெடி இல்லாத தீபாவளியான்னு பெரியவளுக்கு ஒரே அதிர்ச்சி, "அப்போ அந்த ஊரு பசங்க பாவம்"னா. நியாயமான கேள்விதான்.

அதே பிளேஸ் துரை அடுத்த ஊர்லயும் வருவாரு. மதுராந்தகம் ஏரி, ரோட்டுல இருந்தே தெரியும், நிறைஞ்சிருந்தா கடல்னே நினைப்பாங்க. மழைக்கு மழை கரை உடைஞ்சிட்டே இருந்துச்சு, இந்த தடவை உடையலன்னா தாயார் சன்னதிய கட்டித் தரேன்னு கலெக்டர் சொன்னாரு, ராத்திரி கொட்டற மழையில போய்ப் பாத்தா மின்னல் வெளிச்சத்துல வில்லும் கையுமா ரெண்டு பேரு கரையக் காவல் காக்கறாங்க, அதான் ஏரி காத்த ராமர்ங்கிறது கோயில் கதை. வண்டில போயிட்டே சொல்றதுக்கு இதை விட்டா கதை இல்ல, இடமும் கண்ணு முன்னாடியே இருக்கு. கோயிலுக்குள்ள போறதும் போகாததும் உங்க நேரத்தப் பொறுத்து.

இப்போ சாப்பாட்டுக்கு வரேன், ஏன்னா பணம் போறது டிக்கெட்டுல இல்ல, இங்கதான். ஹைவே ஹோட்டல்ல நாலு பேரு டிஃபன் சாப்ட்டு, ரெண்டு காபி, பசங்க கைய நீட்டுன சிப்ஸ் பாக்கெட்டு, வாசல்ல தொங்குற பந்து, பபிள்ஸ் டப்பான்னு வெளிய வந்தா ஆயிரத்துக்கு மிச்சம் இருக்காது. அதுவும் சில இடம் இருக்கு பாருங்க, பஸ்ஸெல்லாம் நிக்கும், கூட்டம் அலைமோதும், ஆறிப்போன பூரிக்கு நூறு ரூபாக்கு மேல பில்லு, பாத்ரூம் பக்கம் மூக்கப் பிடிச்சிட்டுதான் போகணும், அங்க சின்னவன தூக்கிட்டுப் போயி நான் பட்ட பாட்டுக்கு அப்புறம் பஸ் கூட்டமா நிக்கற ஹோட்டல் பக்கமே நாங்க திரும்பறதில்ல.

அதனால காலை டிஃபன் வீட்டுலயே கட்டிடுவேன். இட்லிக்கு ரெண்டு பக்கமும் நல்லெண்ணெய் தாராளமா விட்டு மிளகாப்பொடி தடவி அடுக்கிட்டா மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் ஆகாது, பசங்களுக்கு மட்டும் காரம் இல்லாம பருப்புப் பொடி. மதியத்துக்கு புளியோதரை, தொட்டுக்க வறுத்த உருளைக்கிழங்கு. தயிர் சாதத்தை அப்படியே கட்டுனா வெயில்ல புளிச்சிடும், அதுக்கு சாதத்தைக் குழைய வடிச்சு சூடு ஆறினதும் நிறைய பால், ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விட்டுக் கலந்து வெச்சா சாப்பிடற நேரத்துக்கு சரியா உறைஞ்சிருக்கும், இது எங்க அத்தை சொல்லிக் குடுத்தது. காபி மட்டும் வெளிய. இந்த ரோடு பூரா கும்பகோணம் டிகிரி காபின்னு பித்தளை டபரா டம்ளரோட கடைங்க வரிசையா இருக்கு, எது கும்பகோணத்துல இருந்து வந்துச்சோ தெய்வத்துக்குத்தான் வெளிச்சம், ஆனா அங்க முன்னாடி பெஞ்சு போட்டு மண் தரையா விட்டிருக்கறதால நாங்க காபி குடிக்கற நேரம் பசங்க ஓடிக்கும். கோடையில திண்டிவனம் சுத்துப்பட்டுல நுங்கு, தர்பூசணி, எந்த சீசன்லயும் அவிச்ச வேர்க்கடலை. வேர்க்கடலை பெஸ்ட்டுங்க, தோலுரிச்சு தின்னு முடிக்க அரை மணி நேரம் ஆகும், அந்த அரை மணி நேரம் வண்டில சத்தமே இருக்காது. சின்னதுக்கு மட்டும் நீங்களே உரிச்சு நல்லா நசுக்கிக் குடுங்க, ஓடற வண்டில தொண்டையில சிக்கினா கஷ்டம்.

திண்டிவனத்துல ஒரு முடிவு எடுக்கணும். மேற்கால போனா செஞ்சி, கிழக்கால புதுச்சேரி ரோட்டுல மயிலம் வழியா போனா திருவக்கரை. ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணிட்டு ராத்திரிக்குள்ள திருச்சி போய்ச் சேரணும்னா பசங்க அழுகையும் பெரியவங்க சண்டையும் உறுதி, ஏதாவது ஒண்ணு.

செஞ்சிக் கோட்டை 2025ல மராட்டியர் கோட்டைகளோட சேந்து யுனெஸ்கோ பட்டியலுக்குப் போனதுல இருந்து கூட்டம் கூடியிருக்கு. திண்டிவனத்துல இருந்து 28 கிலோமீட்டர்தான். தொல்லியல் துறை டிக்கெட்டு, பெரியவங்களுக்கு 25 ரூபா, 15 வயசுக்குள்ள இருக்கற பசங்களுக்கு கிடையாது, இந்த காசுக்கு இவ்வளவு பெரிய விளையாட்டு மைதானம் வேற எங்கயும் கிடைக்காது. மூணு மலை, ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. ராஜகிரி உச்சி 800 அடி. சின்னப் பசங்களோட அதுல ஏற ஆசைப்படவே வேணாம், பாதி மலைக்கு மேல யாரு யாரத் தூக்கிட்டுப் போறதுன்னு புருஷன் பொண்டாட்டிக்குள்ள பஞ்சாயத்து ஆகும். கீழயே கல்யாண மஹால், நெற்களஞ்சியம், குளம், புல்தரைன்னு ரெண்டு மணி நேரத்துக்கு இருக்கு. களஞ்சியத்துக்குள்ள போயி கத்துனா எதிரொலி வரும், எங்க வீட்டு ரெண்டும் அவங்க பேரையே கத்தி கத்தி தொண்டை கட்டிடுச்சு. அடிவாரத்துல உக்காந்து தேசிங்கு ராஜா கதை சொன்னேன், இருபத்திரெண்டு வயசுல ஆற்காட்டு நவாப் படையோட மோதி 1714ல செத்துப்போன ராஜா, அவரோட குதிரை, அவருக்காக கல்யாணத்தையே விட்டுட்டு ஓடி வந்த சிநேகிதன் மகமத்கான். குதிரை என்ன கலர்னு மட்டும்தான் கேள்வி வந்துச்சு. அந்த சிநேகிதன் குதிரைக்கு நீலவேணின்னு பேரு, அதனால ராஜா குதிரையும் நீலம்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. ஒரு எச்சரிக்கை, குரங்கு. சாப்பாட்டுப் பைய வண்டிய விட்டே எடுக்காதீங்க, பிஸ்கட் பாக்கெட்டு கையில இருந்தா போச்சு.

ஆனா என்னைக் கேட்டா நான் திருவக்கரைக்குத்தான் ஓட்டு போடுவேன். அங்க கல்மரப் பூங்கா இருக்கு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பராமரிக்கறது, செம்மண் தரையில மரம் மரமா படுத்துக் கிடக்கு, எல்லாம் கல்லு. 2 கோடி வருஷம் பழசு. 1781லயே சொன்னராட்னு ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து பாத்து எழுதி வெச்சுட்டுப் போயிருக்காரு, சென்னையில பொறந்து வளந்த எனக்கு கல்யாணம் ஆகற வரைக்கும் இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. கிட்டப் போய்ப் பாத்தீங்கன்னா வெட்டுன மரத்துல இருக்கற மாதிரியே வளையம் வளையமா தெரியும், நாரு ஓடுற வரி தெரியும், சில இடத்துல கணுவே தெரியும். ஒரு துண்டுக்குப் பக்கத்துல பெரியவ குத்தவெச்சு உக்காந்து விரலாலயே வளையத்த எண்ண ஆரம்பிச்சா, நடுவுல கணக்கு விட்டுப் போயி திரும்ப முதல்ல இருந்து. சின்னவன் அதுக்குள்ள காத வெச்சு பாத்துட்டு "தூங்குது"ன்னுட்டான். இங்க ஒரு விடுகதையும் போடலாம் பசங்களுக்கு. இவ்வளவு மரம் கிடக்கே, கிளை எங்க, வேர் எங்க, இலை எங்க? ஒண்ணுகூட இருக்காது. ஏன்னா இது இங்க வளந்த மரமே இல்ல, எங்கயோ இருந்து பெருவெள்ளத்துல அடிச்சிட்டு வந்து, வர்ற வழியிலயே கிளையும் வேரும் உடைஞ்சு, மணல்ல புதைஞ்சு, அப்புறம் கல்லானது. வேர் எங்க போச்சுன்னு தேடியே ரெண்டும் கொஞ்ச நேரம் சுத்துச்சுங்க. நிழல் கம்மி, காலை பத்து மணிக்குள்ள இல்லன்னா சாயங்காலம் போறதுதான் நல்லது, தொப்பி, தண்ணி கட்டாயம். கல்லுத் துண்டு எதையும் எடுத்துட்டு வரக்கூடாது, கிளம்பும்போது சின்னவன் டவுசர் பாக்கெட்ட செக் பண்ணிட்டுதான் வண்டில ஏத்துவேன்.

விழுப்புரத்துல இருந்து உளுந்தூர்பேட்டை தாண்டி தொழுதூர் வரைக்கும் சொல்றதுக்கு பெருசா ஒண்ணும் இல்ல. வெயில் நேரம், வெட்டவெளி ரோடு, பசங்க தூங்குற நேரமா இந்த இடத்த வெச்சுக்கோங்க, அதான் இதோட ஒரே பயன். மே, ஜூன்ல பண்ருட்டி பலாப்பழம் ரோட்டோரமா குவிச்சிருப்பாங்க, முழுசா வாங்காதீங்க, ஏசி போட்ட வண்டிக்குள்ள அந்த வாசனை மூணு நாள் நிக்கும், சுளையா வாங்கி அங்கயே சாப்ட்டுடுங்க.

வாந்தி விஷயம் ஒண்ணு சொல்லிடறேன். கிளம்பறதுக்கு முன்னாடி டம்ளர் நிறைய பால் குடுக்கறத நிறுத்துனாலே பாதி பிரச்சினை தீந்துச்சு எங்க வீட்டுல. மீதிக்கு மொபைல் குடுக்காம வெளிய பாக்க வைக்கறது, ஒரு எலுமிச்சம்பழம் கையில. அப்புறம் எவ்வளவு அழுதாலும் ஹைவே ஓரத்துல வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டிய நிறுத்திட்டு உச்சா போக வைக்காதீங்க, லாரிங்க வர்ற வேகத்துக்கு அது ரொம்ப ஆபத்து, டோல்கேட்டுல பாத்ரூம் இருக்கு, பெட்ரோல் பங்குல இருக்கு, அவசரத்துக்கு சர்வீஸ் ரோட்டுல இறங்கிடுங்க. வண்டில பசங்களுக்கு ஒரு சின்ன டாய்லெட் சீட்டும் பழைய நியூஸ் பேப்பரும் எப்பவும் கிடக்கும் எங்களுக்கு. பசங்கள மடியில வெச்சிட்டு முன்னாடி சீட்டுல உக்கார்றதும் வேணாம், 14 வயசுக்குள்ள இருக்கற பிள்ளைங்களுக்கு பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லன்னா சட்டப்படி 1000 ரூபா அபராதம். அபராதத்துக்காக சொல்லல, ஆனா எங்க மாமாகிட்ட "சும்மா மடியில குடும்மா, நான் பாத்துக்கறேன்"ங்கிற பேச்ச நிறுத்தறதுக்கு இந்த ஆயிரம் ரூபாதான் உதவுச்சு.

திருமாந்துறை டோல் தாண்டி மங்களமேடு பக்கம் வந்ததும் ரோட்டுல இருந்தே ஒரு கோட்டை தெரியும், ரஞ்சன்குடி. இவ்வளவு கிட்ட இருந்தும் எத்தனை வண்டி நிக்காம போகுதுன்னு எண்ணவே முடியாது. 1751ல ஆங்கிலேயர் ஒரு பக்கம், பிரெஞ்சுக்காரங்க ஒரு பக்கம்னு சண்டை போட்ட இடம், வாலிகண்டபுரம் சண்டைன்னு சொல்வாங்க. அகழி, மதில், மேல ஏறிப் போக படி, உள்ள இடிஞ்ச மண்டபம், எல்லாம் சின்ன சைஸு, அதான் இதோட அழகே. செஞ்சில அம்மா அப்பா கையப் புடிச்சிட்டு நடக்கற பசங்க இங்க தாங்களே ராஜா ராணியா சுத்துவாங்க. அரை மணி நேரத்துல மொத்தக் கோட்டையும் முடிஞ்சிடும், ஆனா எங்க வீட்டு ரெண்டும் திருடன் போலீஸ் ஆட ஆரம்பிச்சா ஒன்றரை மணி நேரம். மதில் மேல தடுப்பு இல்லாத இடம் இருக்கு, அங்க மட்டும் ஒரு ஆள் கூடவே இருக்கணும். இங்க எதுவும் விக்கறதும் இல்ல, எதுவும் வாங்கித் தான்னு அழறதும் இல்ல, எனக்குப் புடிச்ச ஸ்டாப்புகள்ல இதுக்கு முதல் இடம்.

பெரம்பலூர் தாண்டி சிறுவாச்சூர் மதுரகாளி கோயில் திங்களும் வெள்ளியும் மட்டும்தான் திறப்பாங்க, அந்தக் கிழமைல போனா கும்பிட்டுட்டுப் போகலாம். அந்தப் பக்கத்துல இருந்துதான் சாத்தனூருக்கு கிழக்கால உள்ள போகணும். அதுவும் கல்மரம்தான், ஆனா ஒரே மரம், 18 மீட்டர் நீளம், 1940ல எம்.எஸ். கிருஷ்ணன்ங்கிற புவியியல் ஆய்வாளர் கண்டுபிடிச்சது. வயசு 12 கோடி வருஷம். அப்போ இந்தப் பக்கமெல்லாம் கடலு, கரையோரத்துல இருந்த மரம் கடலுக்குள்ள போயி மணல்ல புதைஞ்சிடுச்சு. பெரம்பலூர்ல கடலான்னு பசங்க நம்பவே மாட்டாங்க, சுத்தி பாத்தா சோளமும் சின்ன வெங்காயமும்தான். "டைனோசர் இருந்தப்போவே இந்த மரம் இருந்துச்சு"ன்னு சொன்னதும் சின்னவன் மரத்த விட்டுட்டு டைனோசர் எங்கன்னு தேட ஆரம்பிச்சிட்டான். திருவக்கரை பாத்தவங்க இதை விட்டுடலாமான்னா, பசங்களுக்கு ஆர்வம் இருந்தா மட்டும் போங்க, பாக்கறதுக்கு பத்து நிமிஷம்தான் ஆகும். திரும்பி வரும்போது ரோட்டோரத்துல சின்ன வெங்காயம் சென்னை விலைய விட கம்மிக்கு கிடைச்சா மூட்டையா போட்டுக்குவோம், பெட்ரோல் காசுல கொஞ்சம் அங்க தேறிடும்.

டோல் பத்தி கேக்கறவங்களுக்கு. தாம்பரத்துல இருந்து பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம்னு ஆறு. 2025 ஆகஸ்ட் 15ல இருந்து சொந்த வண்டிக்கு ஃபாஸ்டேக் வருஷ பாஸ் வந்திருக்கு, ஆரம்பிச்சப்போ 3000 ரூபா, 200 தடவை கடக்கலாம் இல்ல ஒரு வருஷம், எது முதல்ல முடியுதோ அது. முழுசா பயன்படுத்துனா ஒரு டோலுக்கு 15 ரூபாதான் விழும். எங்கள மாதிரி அடிக்கடி ஊருக்கு ஓடறவங்களுக்கு லாபம், பொங்கலுக்கு ஒரு தடவை மட்டும் போறவங்களுக்கு நஷ்டம், உங்க கணக்க நீங்களே போட்டுக்கோங்க. வண்டி இல்லாதவங்களுக்கு, அரசு பஸ்ல இப்போ 5 வயசு வரைக்கும் டிக்கெட் கிடையாது. முன்னாடி 3 வயசு வரைக்கும்தான் இருந்துச்சு.

ஊர்ல போயி இறங்குனதுக்கு அப்புறம் மாமியார் வீட்டுலயே நாலு நாள் அடைஞ்சு கிடந்தா பசங்க வீட்ட ரெண்டாக்கிடும், அதுக்கும் திருச்சி சுத்தி சல்லிசா இடங்கள் இருக்கு. மேலணை பக்கம் ஸ்ரீரங்கத்துல பட்டாம்பூச்சி பூங்கா, 25 ஏக்கர், 2015ல திறந்தது, டிக்கெட்டு சும்மா பேருக்கு. வெயில் ஏறறதுக்கு முன்னாடி போனா பட்டாம்பூச்சி நிறைய, மத்தியானம் போனா சிமெண்ட் பட்டாம்பூச்சி மட்டும்தான். முக்கொம்பு பார்க்குல ஊஞ்சல் சறுக்கு இருக்கு. ரயில்வே மியூசியம் திருச்சி ஜங்ஷன் கிட்ட, பழைய இன்ஜின், குட்டி ரயில். மலைக்கோட்டை 400 படிக்கு மேல, ஆனா முக்கால்வாசி கூரைக்குக் கீழ ஏறறதால சின்னப் பசங்க கூட ஏறிடும், மேல போனதும் வர்ற காத்துக்கே ஏறலாம்.

எல்லாத்தையும் விட கல்லணை. ஆடிப்பெருக்கு சமயத்துல, தண்ணி புரண்டு ஓடறப்போ போகணும். மேட்டூர் ஜூன் 12ல திறந்தா அடுத்த சில நாள்ல இங்க வந்துடும், ஜனவரி கடைசியில மூடிடுவாங்க, அதுக்கு அப்புறம் மே மாசம் வரைக்கும் போனா மணலத்தான் பாக்கணும். பாலத்து மேல நின்னு, இந்தப் பக்கம் காவிரி, அது வெண்ணாறு, அந்தக் கடைசியில கொள்ளிடம், அப்புறம் புது ஆறுன்னு நாலா பிரியறத மாமா கைய நீட்டிக் காட்டுவாரு, அவங்க வயலுக்கு எந்தத் தண்ணி வருதுங்கிற கதையும் சேத்து. கரிகாலன் கட்டுனது, கிட்டத்தட்ட 2000 வருஷம், மணல்ல பெரிய பெரிய பாறைய போட்டு அது தானா அமுங்க அமுங்க மேல மேல அடுக்குனாங்கன்னு அவர் சொல்றப்போ பெரியவ "பீச்சுல தண்ணில நின்னா கால் உள்ள போகுமே தாத்தா, அது மாதிரியா?"ன்னு கேட்டா. மாமாவுக்கு வாயெல்லாம் பல்லு. அதேதாண்டா கண்ணுன்னாரு. பூங்கா இருக்கு, யானை மேல கரிகாலன் சிலை இருக்கு, மீன் வறுவல் கடை இருக்கு. தண்ணில மட்டும் இறக்காதீங்க, மேல அமைதியா தெரியும், ஷட்டர் பக்கம் சுழல் ஆளையே இழுத்துடும், வருஷா வருஷம் கேள்விப்படறோம்.

அங்க இருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாவே தஞ்சாவூர் போயிடலாம், ரெண்டு பக்கமும் வயலும் வாய்க்காலும், ஹைவேய விட நூறு மடங்கு மேல். பெரிய கோயிலுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது, மத்தியானம் நடை சாத்தி நாலு மணிக்குத் திறப்பாங்க, அஞ்சு மணிக்கு மேல போங்க, அதுக்கு முன்னாடி கல்லுத் தரையில பசங்க காலு வெந்துடும். 1010ல ராஜராஜன் முடிச்சது, 216 அடி விமானம். கோபுர நிழல் தரையில விழாதுன்னு காலங்காலமா சொல்லிட்டு இருக்காங்க, சாயங்காலம் போயி நின்னு பாருங்க, நல்லா நீளமாவே விழுது, அந்த நிழல்லதான் நாங்க உக்காந்திருந்தோம். அவ்வளவு பெரிய முற்றம், எவ்வளவு ஓடுனாலும் யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. வெளிய வந்தா தலையாட்டி பொம்மை, ஆளுக்கு ஒண்ணு, எங்க டூர்ல வாங்கித் தர்ற ஒரே பொம்மை அதுதான், களிமண் பொம்மையா இருந்தா துணி சுத்தி எடுத்துட்டுப் போங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி கிழமையப் பாத்துக்கோங்க. வண்டலூரும் பட்டாம்பூச்சி பூங்காவும் செவ்வாய்க்கிழமை லீவு, ரயில்வே மியூசியம் திங்கட்கிழமை லீவு, சிறுவாச்சூர் திங்கள் வெள்ளி மட்டும். அடுத்த லீவுக்கு சேலம் வழியா ஏற்காடு பக்கம் சுத்திட்டு ஊருக்குப் போலாமான்னு ஒரு பேச்சு ஓடுது. உளுந்தூர்பேட்டைல இருந்து சேலம் வரைக்கும் பசங்க ஓடற மாதிரி என்ன இருக்குன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, ஹோட்டல் பேரு வேணாம், சாப்பாடு நான் கட்டிடுவேன்.